தண்ணீர் கொடுத்தவர் கையொப்பம்

செவ்வாய்க்கிழமை காலை என் எடை இயந்திரம் என்னை நாற்காலி என்று அறிவித்தது.

அதன் மேல் தவறில்லை. வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்பில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று அது சொல்லும். என் வயது ஆணுக்கு ஐம்பத்தைந்து இருந்தால் நல்லது. ஐம்பதுக்குக் கீழே போனால் தளவாடம். எனக்கு நாற்பத்தொன்பது. சிறுநீரின் நிறம் ஒரு வாரமாக எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. நான் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஐந்து மணிக்குள் உடல்நீர் அலுவலகத்தில் மனிதச் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லையென்றால் வண்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது கல்யாண மண்டபத்தில் போட்டுவிடும். அங்கேயாவது நாலு பேர் இருப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அவர்கள் என் மேல் உட்காருவார்கள் என்பது அடுத்த கணம் தோன்றியது.

கிளம்பினேன்.

எதிர் வீட்டு வேதகிரி தன் வாசலில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். பங்குனி மாதம் அவர் இருபது லிட்டர் தண்ணீர் கேனாக மாறிவிட்டார். அவருக்கு நூறு சதவீதம்.

"எங்க சார், காலையிலேயே?" உள்ளே ஒரு குமிழி மேலே போனது.

"கிளம்பும்போது எங்கன்னு கேக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"என்னால எங்கயும் போக முடியாது சார். கேக்கவாச்சும் விடுங்க."

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு ஏழு மாடி இறங்க வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் ஐம்பத்து மூன்று பேர் என்று டோக்கன் சொன்னது. என் வயதும் ஐம்பத்து மூன்று. அத்தனை பேரும் நானே என்பதால் வரிசை சீக்கிரம் நகர்ந்தது.

கவுண்டரில் எஸ்தர் கனகமணி என்று பெயர்ப்பலகை. அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. உதடு வெடித்திருந்தது. மேசையில் ஒரு மண்பானை, கவிழ்த்து வைத்த ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"எவ்வளவு?"

"நாப்பத்தொம்பது."

"வீட்ல தண்ணி இல்லியா?"

"இருக்கு. மறந்துடறேன்."

"ஞாபகப்படுத்த ஆளு?"

"போன்ல மணி அடிக்க வச்சிருக்கேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம்."

"பொறகு?"

"அடிச்சதும் எடுத்து ஹலோங்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"அம்பதுக்குக் கீழ போயிட்டா தானா மேல வர முடியாது சார். வேற யாராவது தண்ணி கொடுக்கணும். கொடுத்தவங்க இங்க கையெழுத்துப் போடணும். உங்களுக்கு யாரு கடைசியா கொடுத்தது?"

யோசித்தேன். நேரம் எடுத்தது.

"ஒரு பல் டாக்டர். கொப்பளிக்கக் கொடுத்தாரு."

"துப்புனது செல்லாது."

படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பானையைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஐயோ, வேணாங்க. இப்பதான் குடிச்சேன்."

சொன்னது நான்தான். வேறு யாரும் அங்கே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்லத்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். படிவத்தில் ஒரு தடவைக்குத்தான் கட்டம் இருந்தது. அதில் அவர் 'மறுத்தார்' என்று எழுதினார்.

"வெளிய போயி, புது ஆளா திரும்பி வாங்க."

வரும்போது பத்தடி இருந்த நடைக்கூடம் இப்போது ரயில்வே பிளாட்பாரம் அளவுக்கு நீண்டிருந்தது. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஒன்று இருமியது. "சாரி சார்" என்றேன். எதற்கென்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"பரவால்லீங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

கட்டத்தில் மறுபடியும் 'மறுத்தார்'.

"என்ன மனுசன்யா நீரு?" என்றார் எஸ்தர் கனகமணி.

"அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன் மேடம்."

மூன்றாவது முறை நடை இன்னும் நீண்டிருந்தது. தூரத்தில் கவுண்டர் ஒரு கடுகளவு தெரிந்தது. என் வலது முழங்கால் மடங்க மறுத்தது. தட்டிப் பார்த்தேன். நல்ல தேக்கு. கவுண்டரை அடைந்தபோது ஐந்துக்கு இன்னும் எட்டு நிமிடம்தான். கீழே வண்டி ஹாரன் அடித்தது.

இந்த முறை அவர் கேட்கவில்லை. எழுந்தார். டம்ளரை நிமிர்த்தி மொண்டார். கவுண்டரைச் சுற்றி வந்து டம்ளரை என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினார்.

"குடிங்க."

குடித்தேன். தொண்டை வழியாக, வயிறு வழியாக, முழங்கால் வரைக்கும் அது குளிர்ந்து இறங்கியது. முழங்கால் மடங்கியது.

"கேக்காம கொடுத்தா எழுதறதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல. அத நான் பாத்துக்கிடுதேன்."

டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"இனிமே வீட்டுலயே ஒழுங்கா குடிங்க. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும். அம்பதுல இருந்து எறங்காம பாத்துக்கிட்டா இங்க வர வேண்டியதே இல்ல."

"வரவே வேணாமா?"

"எதுக்கு வரணும்?"

படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

"நீங்க குடிச்சீங்களா மேடம்?"

அவர் முத்திரையை எடுத்தார். வைத்தார்.

"இப்பதான் குடிச்சேன்" என்றார்.

காலையிலிருந்து அந்த டம்ளர் நிமிர்ந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் எனக்காக. பையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தபோது, முழங்காலில் மரம் உரசும் சத்தம் கேட்டது. இருவரும் கேட்காதது போல் நின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது வேதகிரி விழித்திருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"மனுஷன்தானாம்."

"விடுங்க சார், மனச விடாதீங்க" என்றார்.

எடை இயந்திரம் ஐம்பது காட்டியது. போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். பிறகுதான் தாகம் தெரிந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன்.

குடிக்கவில்லை. அதை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி, மறக்காமல் இருக்கச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காலைக்குள் நாற்பத்தொன்பது ஆகிவிடும். அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும்.

ஒரு தடவை கேட்டால் மேடம் வேண்டாம் என்பார். எனக்குத் தெரியாதா. மூன்று தடவை கேட்பேன்.