நனையாத பட்டை

சிலிண்டரைக் கட்டும் பட்டையை நனைத்த பிறகுதான் இறுக்க வேண்டும். காய்ந்த நைலான் கையில் கெட்டியாகத்தான் இருக்கும். கடலுக்குள் போய் ஊறியதும் இளகிவிடும். அப்போது முதுகில் இருக்கும் சிலிண்டர் மெல்லக் கீழே நழுவும். இது எனக்குத் தெரியும். மாஃபியா தீவில் பயணிகளை முக்குளிக்கக் கூட்டிப்போகும் எங்கள் சிறிய நிலையத்தில் இரண்டு வருடமாக வார்களும் பட்டைகளும் என் பொறுப்பு. ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

அன்று ரமலான் பன்னிரண்டாம் நாள். விரிகுடாவின் நீர் வெளிக்கடலுக்குப் போகும் இடுக்கான கினாசி வாயில், எங்கள் மிதவையின் சங்கிலிக் கொக்கி தேய்ந்து போயிருந்தது. அடுத்த வாரம் பயணிகள் வருவதற்குள் அதை மாற்ற வேண்டும். ஆழம் பதினெட்டு மீட்டர். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் முன் நீர் அசையாமல் நிற்கும் அரைமணி நேரத்தில்தான் அங்கே வேலை செய்ய முடியும். அது கடந்தால் விரிகுடா முழுவதும் அந்த இடுக்கு வழியாக வெளியே ஓடும். இறங்குவது ஷொமாரியும் நானும். படகை ஓட்டுவது எங்கள் படகுத் தலைவர், நஹோதா மக்காமே.

ஷொமாரி என்னைவிட இரண்டு வயது மூத்தவன், தோள் அகலம். சிலிண்டரை முதுகில் தாங்க அவன் போடும் ஜாக்கெட் யாரோ பயணி விட்டுப்போனது. தோள் வார்கள் கழுத்தை அறுக்கின்றன என்று ஒரு வருடமாகப் புலம்பியதால் பழைய முக்குளி உடையின் முழங்கால் பகுதியை வெட்டி இரண்டு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தேன். கால்களுக்கு நடுவே போகும் வாரை மட்டும் அவன் தொடவே மாட்டான். ஜாக்கெட் மேலேறி வந்து காதை முட்டும், ஆனாலும் கட்ட மாட்டான். கட்டினால் தனக்கு எவரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பான். அதற்கும் மெத்தை வைத்து, பெண்கள் உடுத்தும் கங்கா துணியால் உறை போட்டு, முந்தின நாள்தான் தந்திருந்தேன். அன்று காலை கட்டிப் பார்த்துவிட்டு, தொட்டிலில் போட்டதுபோல இருக்கிறது என்றான். இனிக் கட்டுவேன் என்றும் சொன்னான்.

எனக்கு அன்று நோன்பு இல்லை. பெண்களுக்கு மாதத்தில் சில நாள் அப்படித்தான், இதில் மறைக்க ஒன்றுமில்லை என்று அம்மா சொல்வாள். ஆனால் ஒரே படகில் இரண்டு ஆண்களோடு இருக்கும்போது அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடிக்காமல் ஆழத்தில் இறங்கவும் பயம். அதனால் சாமான் அறைக்குப் பின்னால் போய்க் குடித்தேன். யாரோ வருவதுபோல இருந்தது. காத்திருந்து மறுபடி குடித்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், பத்தும் ஆகியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது நஹோதா கத்திக்கொண்டிருந்தார். நீர் நமக்காக நிற்காது என்றார். என் பட்டை வாளியில் ஊறியிருந்தது, இறுக்கிவிட்டேன். ஷொமாரியின் பட்டை தூக்கிப்போவதற்காகக் காய்ந்தபடியே சிலிண்டரைச் சுற்றியிருந்தது. படகில் வைத்துத் தண்ணீர் ஊற்றி மறுபடி இறுக்கலாம், தூக்கி ஆட்டிப் பார்க்கலாம், அதன் பிறகு, பட்டை கட்டியதைக் குறிக்கும் நோட்டில் அவன் பெயருக்கு நேரே குறி போடலாம் என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

கினாசி வாயை நெருங்கும்போது முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, குப்பியிலிருந்து இன்னும் ஒரு வாய் குடித்தேன். தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஷொமாரியின் குரல்.

"சிஹா, உமேஃபுங்கா?"

எங்கள் மொழியில் கட்டுவதற்கும் நோன்பு வைப்பதற்கும் ஒரே சொல், ஃபுங்கா. உமேஃபுங்கா என்றால் கட்டிவிட்டாயா என்று அர்த்தம். நோன்பு வைத்திருக்கிறாயா என்று கேட்பதும் அதே சொல்லில்தான். ரமலானில் கடைக்குப் போனால்கூட நாலு பேர் அதைக் கேட்பார்கள். மற்ற பதினோரு மாதமும் ஷொமாரி படகில் என்னிடம் அதைக் கேட்பான், பட்டையைப் பற்றி.

குப்பியை மடிக்குக் கீழே தள்ளினேன்.

"நிமேஃபுங்கா" என்று ஆமாம் போட்டேன், திரும்பாமல்.

அவன் ஜாக்கெட்டை மாட்டினான். நெஞ்சு வாரையும் கால்களுக்கு நடுவே போகும் வாரையும் பூட்டினான். மிதவைக்கான புதிய கொக்கியையும் திருகுசாவியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். நானும் விழுந்தேன்.

ஆறு மீட்டர் இருக்கும். காது வலிக்காமல் இருக்க மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டே, வழக்கம்போல மனதுக்குள் நோட்டைப் புரட்டினேன். என் பெயர், குறி. ஷொமாரி பெயர். அங்கே குறி இல்லை. அப்போதுதான் அவன் கேட்டது எதை என்று புரிந்தது.

அவன் எனக்கு வெகு கீழே மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தான். கீழே தண்ணீர் கலங்கலாக இருந்தது. சிலிண்டரின் மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது. கத்தியின் பிடியால் என் சிலிண்டரைத் தட்டினேன். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வட்டம் காட்டினான். எல்லாம் சரி என்று. நான் திருக்கையையோ ஆமையையோ பார்த்துவிட்டுத் தட்டுகிறேன் என்று நினைத்திருப்பான்.

நான் அடியை அடைந்தபோது அவன் முழங்காலிட்டுப் பழைய கொக்கியைச் சாவியால் திருகிக்கொண்டிருந்தான். சிலிண்டர் ஒரு சாண் இறங்கியிருந்தது. ஜாக்கெட்டிலிருந்து சிலிண்டரின் கழுத்தில் மாட்டிய சிறு கண்ணிதான் தாங்கியது. பழைய கண்ணி அறுந்துபோய், மீன்பிடி நரம்பால் நானே தைத்தது அது. பத்துத் தையல். அவனுடைய முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஏழு இருந்தது.

அப்போது மணல் நகரத் தொடங்கியது. முதலில் மெல்லிய புகைபோல, பிறகு என் துடுப்புகளை இழுக்கும் அளவுக்கு. வற்றம் தொடங்கிவிட்டது. நான் குடித்துக்கொண்டிருந்த அந்த ஐந்தோ பத்தோ நிமிடம் இப்போது வந்து சேர்ந்தது.

தோளைத் தொட்டேன். அவன் திரும்பிய வேகத்தில் சிலிண்டர் பட்டையிலிருந்து முழுவதும் நழுவிப் பக்கவாட்டில் சாய்ந்தது. இரும்பு சிலிண்டர், கனம். குழாய் இழுபட்டு வாயிலிருந்த காற்றுக்குழல் பிடுங்கிக்கொண்டு போனது. குமிழிகள் வெடித்தன. அவன் கண்கள் முகக்கண்ணாடிக்குள் அகலமாயின.

என் உபரிக் குழலை எடுத்து அவன் வாயில் வைத்தேன். கடித்துக்கொண்டான். மூச்சு இழுத்தான். ஒன்று, இரண்டு. அவன் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டான். நீரோட்டத்தில் நாங்கள் இருவரும் கொடிபோலக் கிடைமட்டமானோம்.

இப்போது ஒரே சிலிண்டரில் இரண்டு பேர். கயிற்றை விட்டு மேலே போகலாம். போனால் வற்றம் எங்களை வாய்க்கு வெளியே கொண்டுபோகும். அங்கே அலை உடையும் இடத்துக்கு நஹோதா படகைக் கொண்டுவர முடியாது. கண்ணி அறுந்து சிலிண்டர் விழுந்தால், காற்றூதும் குழாயோடு ஜாக்கெட்டையும் அவனையும் சேர்த்து இழுக்கும். கண்ணியில் இப்போது நான்கு தையல்தான் இருந்தது.

அவன் தொடைகளை என் கால்களால் பின்னிக்கொண்டேன். சிலிண்டரின் அடி என் முழங்காலில். பட்டைக் கொக்கியைத் திறந்தேன், பட்டை தளர்ந்தது. சிலிண்டரை மேலே தள்ளினேன். ஜாக்கெட்டும் சேர்ந்து மேலேறி அவன் தலையைத் தாண்டிவிடும் என்று பயந்தேன். ஏறவில்லை. கால்களுக்கு நடுவே போன வார் அதைக் கீழே பிடித்துக்கொண்டது. சிலிண்டர் மட்டும் பட்டைக்குள் ஏறியது. பட்டையின் வாலை இழுத்தேன், கொக்கியை மடக்கினேன், வழுக்கியது. மறுபடி. மூன்றாவது முறை சிலிண்டரின் மேல் பாதத்தை ஊன்றி இழுத்தேன். இரண்டு கையாலும் கொக்கியை அழுத்தினேன். பட்டை இப்போது ஊறியிருந்தது. இறுகியது.

கழுத்தைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. அவன் தன் குழலைத் தேடி எடுத்து ஊதிவிட்டு வாயில் வைத்தான். மிதவைக் கொக்கி வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கயிற்றில் கைமாற்றி மேலே வந்தோம். என் காற்றுமானியில் முள் சிவப்பில் இருந்தது.

படகில் நஹோதா எங்களைத் தூக்கிப் போட்டார். ஷொமாரி கவிழ்ந்து படுத்துக் கடல்நீரைத் துப்பினான். என்ன ஆச்சு என்று நஹோதா கேட்டார். பட்டைக் கொக்கி கிழடாகிவிட்டது, தூக்கிக் கடலில் எறிய வேண்டும் என்று அவன் திட்டினான். நஹோதா தலையசைத்தார். நிலையத்தின் முதலாளி பழைய சாமானை மாற்றுவதே இல்லை என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் நான் சொல்வேனா என்று அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது.

"கொக்கி நல்ல கொக்கிதான்" என்றேன். "நீ உமேஃபுங்கான்னு கேட்ட இல்ல? நீ நோன்பத்தான் கேக்குறன்னு நெனச்சிட்டேன்."

ஷொமாரி எழுந்து உட்கார்ந்தான். "நோன்பையா? அப்ப பட்டை?"

"நனைக்கல. ஆட்டிப் பாக்கல. எனக்கு இன்னிக்கு நோன்பும் இல்ல. ரெண்டுல ஒண்ணக்கூட நான் ஃபுங்கா பண்ணல."

நஹோதா எஞ்சினைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். ஷொமாரி என்னையே பார்த்தான். பிறகு என் இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்த குப்பியை எடுத்து என் பக்கத்தில் வைத்தான்.

"குடி" என்றான். "இதுக்கா ஒளிஞ்ச? எங்க வீட்ல நாலு அக்கா."

நஹோதா படகைக் கரைக்குத் திருப்பினார்.

அடுத்த நாள் அவன் தன் சிலிண்டரைத் தானே கட்டினான். அதற்கடுத்த நாளும். நான் வாளியை அருகில் கொண்டுபோய் வைப்பேன். அவன் பட்டையை நனைத்து, இறுக்கி, தூக்கிப் பார்த்து, என்னைப் பார்க்காமல் போவான். அது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் படிக்கும் மாலைப் பள்ளியில் இரண்டு நாள் கணக்கு எதுவும் தலையில் ஏறவில்லை. நோட்டில் அவன் பெயருக்கு நேரே குறி போடலாமா, அது என் குறியா அவன் குறியா என்று தெரியாமல் வெறுமையாக விட்டேன்.

ஆறாம் நாள் கினாசி வாயில் அந்த மிதவைக் கொக்கியை மாற்றப் போனோம். நீர் நிற்பதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்க் காத்திருந்தோம். எனக்கு நோன்பு திரும்பியிருந்தது. ஷொமாரி சாவியையும் சங்கிலியையும் மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஜாக்கெட்டை மாட்டித் தொட்டில் வாரைக் கட்டியிருந்தான். பட்டையில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்காகக் காத்திருக்கிறான் என்று புரிந்தது.

வாளித் தண்ணீரைப் பட்டையின் மேல் ஊற்றி ஊறவிட்டேன். இறுக்கினேன். புதிதாகத் தைத்த கண்ணியைக் கழுத்தில் மாட்டினேன், இருபது தையல்.

"பட்டைய நனைச்சு இறுக்கிட்டியா?" என்று கேட்டான். ஃபுங்கா என்ற பழைய சொல் இல்லை.

சிலிண்டரின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி ஆட்டினேன். சிலிண்டரோடு சேர்ந்து அவனும் ஆடினான்.