ஓடிப்போகாத கோள்

1

எங்கள் வானியல் துறையில் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்த சுவரொட்டியிலிருந்துதான் இந்தக் கதையைப் பிடித்தேன். ‘தன் சூரியனை விட்டு ஓடும் கோள்: பேராசிரியர் காரெட் லிண்ட்க்விஸ்ட் உரை.’ நியூ மெக்சிகோவில் எங்களைத் தேடிச் செய்தியாளர்கள் வருவது அபூர்வம். பேராசிரியர் முடிகூட வெட்டிக்கொண்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: எல்லையற்ற விண்வெளியின் மௌனத்தில், தனியாக ஒரு...

(அடித்துவிட்டேன். அசடு வழிகிறது.)

2

நோரீன் டஃபோயா பேராசிரியரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. உரைக்கு முந்தைய நாள் மதியம், பாதி தின்ற பரிட்டோவோடு அவர் அறைக்குள் வந்தாள். நான் அவர் கணினியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“புரொபசர், கோள் எங்கயும் ஓடல. உங்க புரோகிராம்தான் அதை வெளிய தள்ளுது.”

(இவ்வளவு வெடுக்கென்று பேசுவாளா? ‘ஒருவேளை, புரொபசர்...’ என்று மாற்றிப் பார்த்தேன். அப்படிச் சொன்னால் அவர் காதில் விழாது.)

(இன்னொரு குறுக்கீடு. கோளின் பாதையைக் கணக்கிடும் அவருடைய புரோகிராம், கோள் போகும் திசையில் நேராக ஓர் எட்டு வைக்கும். பிறகுதான் திசையைத் திருத்தும். வளைவான பாதையில் நேராக எட்டு வைத்தால், ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் வெளியே விழும். அவர் வைத்ததோ பெரிய பெரிய எட்டு. நோரீனுடையது தவளைப் பாய்ச்சல் முறை: இடமும் வேகமும் மாறி மாறித் தாவும். பிழை அதிலும் உண்டு. கோளைத் துரத்திவிடும் அளவுக்குச் சேராது.)

“நீ என்னத்தையோ போட்டுக் குழப்பிட்ட.”

“சரி, உங்க புரோகிராமையே காலத்துல பின்னோக்கி ஓட்டுங்க. கிளம்பின இடத்துக்குத் திரும்பி வரணும்ல?”

ஓட்டினார். கோள் இன்னும் தூரமாகப் போனது.

“பாத்தியா? முன்னால விட்டாலும் ஓடுது, பின்னால விட்டாலும் ஓடுது. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?”

நான் சிரித்துத் தொலைத்தேன். நோரீன் சிரிக்கவில்லை.

“நாளைக்கு முன்வரிசையில உக்காரு,” என்றார். “யாராவது கேட்டா, நானும் சரிபார்த்தேன்னு சொல்லிடு. சாயந்திரமே கையெழுத்துப் போட்டுடறேன்.”

3

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். முதல் முடிவில் அவள் உண்மையைச் சொல்ல, அரங்கமே கைதட்டியது. (எங்கள் ஆட்கள் இலவச பீட்சாவுக்குத்தான் கைதட்டுவார்கள்.) இரண்டாவதில் தலையாட்டிப் பட்டம் வாங்கினாள், எழுதும்போதே எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். மூன்றாவதில் பேராசிரியர் மனம் திருந்தி... வேண்டாம், அவ்வளவு கற்பனை எனக்குக் கிடையாது.

நடந்தது இவ்வளவு: “இதை வேற யாராவது சரிபார்த்தாங்களா?” என்று ஒரு செய்தியாளர் கேட்டார். பேராசிரியர் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். நோரீன் எழுந்து நின்றாள்.

அவள் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் என் வேலை ஒப்பந்தமும் அவர் மேசையில்தான் கிடக்கிறது. உங்களுக்கு அவர் கையெழுத்து தேவையில்லையே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.