மேட்டில் வீசிய துணி

கரைவலை வளைக்கும்போது ஒருவர் கரையில் மணல்மேட்டின் மேல் ஏறி நிற்பார். மீன்கூட்டம் வந்த இடத்தில் கடல் கருத்திருக்கும். அது மேட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும், தோணியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர் துணியை வடக்கே வீசினால் தோணி வடக்கே போகும். தெற்கே வீசினால் தெற்கே போகும். இரண்டு கையாலும் துணியைத் தலைக்கு மேலே பிடித்தால், வளைத்தது போதும், கரைக்கு வா என்று அர்த்தம். எங்கள் ஊரான உடப்பில் அந்த வேலையைச் செய்தவர் என் கணவர் வீரகத்தி.

யுத்தம் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த காலத்தில் கரையோரத் தென்னந்தோப்பில் இராணுவக் காவலரண் போட்டார்கள். வந்த சிப்பாய்கள் கடலையே காணாத ஊர்க்காரர்கள். துணி வீசுவதைப் புலிகளின் படகுக்குக் காட்டும் சைகை என்று நினைத்து, நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். என் கணவருக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஆனால் பாதி வளைவில் தோணியை விட்டால் வலை சுருண்டு ஆட்களோடு கவிழ்த்துவிடும். தோணியும் வலையும் கண்ணெதிரே இருக்கும்போது சிப்பாய்களுக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று எண்ணியிருப்பார். வீசிக்கொண்டே நின்றார். சுட்டார்கள்.

கட்டளையிட்டவர் லெப்டினன்ட் சுஹைர். கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலேயே கொழும்பில் விடுதியில் தங்கிப் படித்தவர். விசாரணையில் அவர்மேல் பிழையில்லை என்று முடித்தார்கள். அவர் அதோடு இராணுவத்தை விட்டார். அடுத்த வருடம் மோட்டார் சைக்கிளில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

“அக்கா, நான்தான்...”

“தெரியும். வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க” என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் தள்ளி நின்றார். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. சிலாபத்து வியாபாரிகள் வேண்டுமென்றே வெயில் ஏறிய பிறகுதான் லொறியோடு வருவார்கள். அதற்குள் மீன் தளர்ந்திருக்கும். அவர்கள் சொன்னதுதான் விலை. நமக்கென்று ஒரு ஐஸ் அறை இருந்தால் நாம் விலை சொல்லலாம், பக்கத்து ஊர் எத்தாளைக்காரரும் உடப்புக்காரரும் ஒரே சங்கமாகச் சேர்ந்தால் கட்டிவிடலாம் என்று சுஹைர் வீடுவீடாகச் சொல்லித் திரிந்தார்.

“ஆமிக்காரன் ஐஸ் விக்க வந்திருக்கான்” என்று வலை இழுக்கிற இராசம்மா அவர் காதுபடவே சொன்னாள். “வெயில்ல ஐஸுக்கு முந்தி அவனே கரைஞ்சிடுவான் பாருங்கடி.”

“கரைஞ்சா மரத்தூளப் போட்டு மூடி வைங்க தாத்தா” என்றார் அவர். கற்பிட்டியில் தாத்தா என்றால் அக்கா. இராசம்மாவுக்கு அது தெரியாது. தன்னைக் கிழவன் என்கிறான் என்று ஒரு கிழமை முழுவதும் திட்டினாள்.

அறை எழும்பியது. மீன்தான் இல்லை. வீரகத்திக்குப் பிறகு மேட்டில் ஏற ஒருவருக்கும் துணிவு வரவில்லை. குருட்டுத்தனமாக வளைத்த வலையில் தொட்டால் அரிக்கும் சொறிமுட்டைதான் ஏறியது. இந்த மாதமும் இப்படியே போனால் வலையை விற்றுவிடுவேன் என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கனகசுந்தரம் சொல்லிவிட்டார். அந்த வலையை நம்பி இருந்த வீடுகளில் என் வீடும் ஒன்று. என் மகன் முத்துலிங்கம் அந்தத் தோணியில்தான் துடுப்புப் போட்டான்.

சுஹைர் காவலரணுக்குப் போய்ப் புதிய அதிகாரியிடம் துணியின் அர்த்தத்தைச் சொல்லியிருந்தார். மேலிடத்து அனுமதி வரும்வரை ஒருவரும் மேட்டில் ஏறக்கூடாது என்பதுதான் கிடைத்த பதில்.

அன்று காலை தோணி கடலில் இறங்கிவிட்டது. நான் மேட்டின் அடியில் நின்றபடி பார்த்தேன். மனம் கேட்கவில்லை, மேலே ஏறினேன். வடக்கே போய்க்கொண்டிருந்தது தோணி. தெற்கே, பாய் விரித்த மாதிரி, கடல் கருத்துக் கிடந்தது.

“மீன் தெற்கால நிக்குது!” என்று கத்தினேன்.

கீழே வலைக் கயிற்றருகே நின்ற சுஹைர் ஏறி வந்தார். ஒருமுறை தென்னந்தோப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றினார்.

“நீங்க எறங்குங்க அக்கா.”

“நான் இறங்கினா உங்களுக்கு ஆர் சொல்லுறது? உங்களுக்குக் கடல் தெரியுமா?”

“தெரியாது. அப்ப எனக்கு முன்னால இருங்க. எழும்ப வேணாம்.”

மணலில் உட்கார்ந்தேன். அவர் தோப்புக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையைத் தெற்கே வீசினார். தோணி தயங்கியது. பிறகு திரும்பியது.

விசில் சத்தம் கேட்டது. “நவத்தனவா!”, நிறுத்து என்று யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். சுடுவதற்காகத் துவக்கை இழுத்துப் பூட்டும் சத்தம் எனக்குத் தெரியும், முன்பும் கேட்டிருக்கிறேன். தோணியில் மகன் எழுந்து நின்று கரையைப் பார்ப்பது தெரிந்தது.

சுஹைர் திரும்பாமலே சிங்களத்தில் கத்தினார். “தோணியைப் பாருங்கள்! என்னைப் பார்க்க வேண்டாம், தோணியைப் பாருங்கள்! இன்னும் தெற்கே போகச் சொல்லப் போகிறேன்!” பிறகுதான் வீசினார். தோணி தெற்கே போனது.

“இப்ப?” என்றார் என்னிடம், மெதுவாக.

“கொஞ்சம் வடக்க. கூட்டம் கலையுது.”

“இப்போது வடக்கே வரும், பாருங்கள்!” வீசினார். தோணி வளைந்தது.

அப்படியே நான் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் கத்த, துணி போன பக்கம் தோணி போனது. அவருடைய முழங்கால் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

“போதும். கரைக்கு வரச் சொல்லுங்க” என்றேன்.

“இப்போது இரண்டு கையையும் தூக்கப் போகிறேன்!” என்று கத்திவிட்டுத் தூக்கினார். துவக்கு வெடிக்கவில்லை. தோணி கரையை நோக்கி மூக்கைத் திருப்பியது.

நாங்கள் இறங்குவதற்குள் சிப்பாய்கள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வலை வந்தது. வலையின் மடி நிறையச் சூடை மீன். என் மகன் கரையில் குதித்து, “எங்க அவர்?” என்றான். தோப்பைக் காட்டினேன்.

இராசம்மாதான் கயிற்றை முதலில் கீழே போட்டாள். “ஐஸ்காரனை விட்டாத்தான் மீனைத் தொடுவன்” என்று நடந்தாள். பின்னால் உடப்பு ஆட்களும் எத்தாளை ஆட்களுமாக ஈரத்தோடு போய்க் காவலரண் முன்னால் மணலில் உட்கார்ந்தோம். மகனின் கையை நான் விடவில்லை. மீன் வெயிலில் கிடந்தது. காகம் இறங்கியது.

மதியம் சாயும்போது அவரை விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

“மீனை ஐஸில போட்டீங்களா?”

இராசம்மா கரையில் கிடந்த மீனைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னத்துக்கு அந்த அறையைக் கட்டினோம்?” என்று முதன்முறையாக எங்களைப் பார்த்துக் கத்தினார். “முழுக்க நாறியிருக்கும்! என்ன சனம் நீங்க?”

பிறகு அந்த மனிதர் பிரதேச சபைத் தேர்தலில் நின்றார், வென்றார். ஊர் அவரைத் தோளில் தூக்கியது. நான் அவரை மன்னித்தேனா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அன்று அவர் கத்தியபோது நான் செய்தது இவ்வளவுதான். எழும்பி, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, “அடியில கிடக்கிற மீன் நல்லாத்தான் இருக்கும். கூடையைப் பிடிங்க தம்பி” என்றேன்.