மாண்புமிகு மலச்சிக்கலுக்குப் பத்துக்குப் பத்து

அவரை எல்லாரும் அரைமார்க்கு என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆயின், அது வாக்காளர் பட்டியலுக்கும் மருத்துவமனைச் சீட்டுக்கும் மட்டுமே பயன்பட்டு வந்தது. எதைக் கண்டாலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவதும், அது எவ்வளவு சிறப்பாயிருப்பினும் அரை மதிப்பெண்ணையேனும் பிடித்து வைத்துக்கொள்வதும் அவருடைய பிறவிக் குணங்கள். துணைவியார் போடும் தேநீருக்கு ஒன்பதரை. மழை ஓய்ந்தபின் வரும் இளவெயிலுக்கு ஒன்பதரை. மகள் பிறந்த அன்று செவிலி குழந்தையைத் துணியில் சுற்றிக் கொணர்ந்து காட்டியபோது அவர் வாய்தவறி "ஒன்பதரை" என்று சொல்லிவிட, "அந்த அரை எங்கேங்க போச்சு?" என்று துணைவியார் இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வார இதழ் ஒன்றின் கடைசிக்கு முந்திய பக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் தொலைக்காட்சித் தொடர்களை விமரிசித்து வந்தார். ஒவ்வொரு பகுதியையும் மும்முறை பார்ப்பார். முதன்முறை, சிரிப்பதற்கு. இரண்டாம் முறை, ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும். மூன்றாம் முறை, கண்களை மூடிக்கொண்டு ஒலியை மட்டும்; அந்த மூன்றாம் முறையில் குறட்டையும் கலந்து வருவதுண்டு என்பது துணைவியாரின் சாட்சியம். எனினும், வாசகர்கள் அவரை நம்பினர். அவர் எட்டு என்றால் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தனர். நான்கு என்றால் அந்த அரைமணி நேரத்தில் துணி துவைத்தனர்.

அவ்வாண்டு அவர் கைக்கு வந்து சேர்ந்தது 'மாண்புமிகு மலச்சிக்கல்' என்னும், வரைந்து அசையவைத்த கேலிச்சித்திரத் தொடர். வயிறு இளகாத அமைச்சர் ஒருவர். அவர் வீட்டுக் கழிப்பறை. மூடிய கதவுக்கு வெளியே கோப்புகளைச் சுமந்துகொண்டு நிற்கும் செயலர். நாட்டின் பெரிய முடிவுகள் யாவும் அக்கதவுக்கு அப்பாலிருந்து முக்கலும் முனகலுமாக வெளிவரும். அமைச்சர் ஏப்பம் விட்டால் ஓர் அரசாணை. கீழ்க்காற்று விட்டால் ஓர் அவசரச் சட்டம். "இந்தக் கண்ணராவிக்கெல்லாம் ஒரு பக்கமா?" என்று சிலர் கடிதம் எழுதினர். "கதவுக்கு உள்ளே இருப்பவரைப் பார்க்காதீர்கள், வெளியே கால் கடுக்க நிற்பவரைப் பாருங்கள்" என்று அரைமார்க்கு விடை எழுதினார்.

துணைவியார் பொய்ப்பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவர். நாள் முழுதும் முகம் தெரியாத மனிதர்களின் வாயச்சுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவருக்கு இத்தொடர் உயிர். முதற் சத்தம் எழுந்ததுமே தலையணையைக் கட்டிக்கொண்டு உருளுவார்.

"அம்மா, அது வெறும் சத்தம்மா," என்பாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"சத்தம்தான்டி. ஆனா எவ்வளவு பொருத்தமான இடத்துல வருது பாரு!"

தொடரைத் தயாரிக்கும் நிறுவனம், சனிக்கிழமை மாலை ஒளிபரப்பாகும் பகுதியின் முன்படியைச் செவ்வாய்க்கிழமையே விமரிசகர்க்கு அனுப்பிவிடும். இதழ் புதனன்று அச்சேறிச் சனிக்கிழமை காலையில் கடைக்கு வரும். படம் ஒளிபரப்பாகும் முன்னரே விமரிசனம் வாசகர் கையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏழாம் பகுதியின் முன்படி வந்த அன்று கணவனும் மனைவியும் முன்னறையில் அமர்ந்து பார்த்தனர். முதற்பாதி வழக்கம் போலவே ஓடிற்று. பிறகு, அமைச்சர் சட்டமன்றத்தினுள் அடியெடுத்து வைத்தவுடன், நிறங்கள் எல்லாம் ஒருசேர மறைந்தன. வெள்ளைத் தாளில் பென்சிற் கோடுகள் மட்டும் எஞ்சின. அமைச்சருக்குக் கண்ணுமில்லை, மூக்குமில்லை. எல்லாரும் ஒரே குரலில், சளி பிடித்த ஒரு பெண்குரலில் பேசினர். மூலையில் ஏதோ எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏங்க, டிவி கெட்டுப்போச்சா?"

"உஷ்!"

"கலரையே காணோமே. மூஞ்சியக் கூடக் காணோம்."

"அதுதான் விஷயமே. பேசாம பாரு."

"சரி, சத்தம் எங்க? இந்நேரத்துக்கு அந்த ஆளு ஒண்ணு விட்டிருக்கணுமே."

"விடல! அதுதான் அடி. ஒரு நாடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, தெரியலையா?"

"எனக்கு என்னமோ படம் எடுத்தவங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்ட மாதிரிதான் தெரியுது," என்று சொல்லிவிட்டுத் துணைவியார் துணி மடிக்கப் போய்விட்டார்.

அரைமார்க்கு மட்டும் அசையவில்லை. கோட்டுருவ அமைச்சர் வீடு திரும்புகிறார்; கழிப்பறைக் கதவை இழுத்துச் சாத்தப் போகிறார்; அவர் கை கைப்பிடியின் மேல் சற்றுத் தயங்கி நிற்கிறது. வெளியே நிற்கும் செயலரை உள்ளே அழைக்கலாமா வேண்டாமா என்று எண்ணும் கை. பின்னர் மெல்லச் சாத்திக்கொள்கிறது. அவ்வளவுதான். கழிப்பறைக் கதை பார்த்துக் கண் கலங்குவோம் என்று அவர் எதிர்பார்த்தாரில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்துபோய், அன்றே எழுதி முடித்தார். "அதிகாரத்தின் சாயம் ஒரே கணத்தில் வெளுத்துப் போகிறது. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே களைத்த குரலில் பேசுகின்றனர். மூலையில் ஓடும் எண்கள், மக்களின் பொறுமை கரையும் கணக்கு" என்றெல்லாம் எழுதி, கதவுப்பிடியில் தயங்கிய கைக்கும் ஒரு வரி ஒதுக்கி, கீழே, வாழ்நாளில் முதன்முறையாக, பத்துக்குப் பத்து என்று இட்டார்.

சனிக்கிழமை மாலை மகளும் விடுதியிலிருந்து வந்திருந்தாள். மூவரும் அமர்ந்தனர். அமைச்சர் சட்டமன்றத்தினுள் அடியெடுத்து வைத்தார். நிறங்கள் மறையவில்லை. மாறாக, அவருடைய சிவந்த கன்னங்கள் உப்பின, கண்கள் பிதுங்கின, ஏழுவகைச் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவையை அதிரச் செய்ய, எதிர்க்கட்சித் தலைவரின் பொய்முடி பறந்து போய் விளக்கில் மாட்டிக்கொண்டது. துணைவியார் தலையணையோடு உருண்டார். மகள் இதழை எடுத்து ஒருமுறை படித்தாள், தொலைக்காட்சியைப் பார்த்தாள், மீண்டும் இதழைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க எந்த நாட்டுத் தொடரைப் பார்த்துட்டு எழுதுனீங்க?"

அரைமார்க்கு மகள் கையிலிருந்த இதழை வாங்கித் தம் விமரிசனத்தையே மீண்டும் படிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு துணைவியாரே விளக்கம் சொன்னார். "எங்க கூடத்துல முதல்ல மெழுகுல பல்லைச் செஞ்சு, வாயில வெச்சுப் பார்க்கச் சொல்லி அனுப்புவோம். அது சும்மா அளவு பார்க்கத்தான். உங்க அப்பா அந்த மெழுகுப் பல்லைப் பார்த்துட்டு, 'ஆகா, என்ன கடி!'ன்னு எழுதிட்டாரு."

செய்தி அதுதான். முடிவுறாத படியை யாரோ மாற்றி அனுப்பிவிட்டனர். அவரோ அந்த அரைகுறையைக் கலையின் உச்சம் என்று அச்சில் ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலைக்குள் மின்னஞ்சலில் வாசகர் கடிதங்கள் குவிந்தன. "எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி நேற்று மின்தடையால் அணைந்தது, எவ்வளவு ஆழமான மௌனம்! பத்துக்கு எத்தனை?" என்று ஒருவர். வெள்ளடித்த தம் வீட்டுச் சுவரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார் இன்னொருவர். இதழின் ஆசிரியரம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நான் திட்டக் கூப்பிடல. சிரிச்சு முடிச்சுட்டேன். ஆனா ஒண்ணு, உங்க மார்க்கை நம்பித்தான் அந்தப் பக்கத்தை ஜனங்க திருப்புறாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா அங்கே சோப்பு விளம்பரம்தான் போடணும். புதன் மத்தியானம் பக்கம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஏதாவது எழுதுங்க. அப்புறம், அந்தத் தயாரிப்பாளர் உங்களைப் பார்க்கணுமாம். ஏதோ நல்ல சேதி வெச்சிருக்காராம்."

செவ்வாயன்று அரைமார்க்கு புறப்பட்டார். துணைவியாரும் அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"நீ எதுக்கு?"

"தனியாப் போனீங்கன்னா அங்க இருக்கிற குப்பைத்தொட்டிக்கும் பத்து போட்டுட்டு வந்துடுவீங்க."

நிறுவனம் ஒரு மாடியின் நீண்ட அறையில் இயங்கிற்று. வரிசையாக மேசைகள், திரைகளில் பலவகை அளவுகளில் அமைச்சரின் பின்புறம். ஒரு மூலையில் ஒலிக்காரர் ஈரத்தோல் மெத்தை, பலூன், ரப்பர்க் கையுறை, ஒரு தொட்டி நிறையக் களிமண் ஆகியவற்றின் நடுவே பூசையில் இருப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். துணைவியார் நேரே அவரிடம் சென்றார்.

"அந்த மூணாவது சத்தம் எதுலங்க பண்ணுனீங்க?"

"கையுறைதாம்மா. உள்ள கொஞ்சம் மாவு போடணும். இல்லன்னா மழுமழுன்னு வந்துடும்."

"அதானே பார்த்தேன். நாங்களும் கூடத்துல மாவு போட்டுத்தான் மாட்டுவோம்," என்று அவர் மகிழ்ந்துபோய் அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தயாரிப்பாளர் வாய் நிறையச் சிரிப்போடு எழுந்து வந்தார். தொடரின் இயக்குநரும் அவரே.

"வாங்க சார், வாங்க! நீங்க பண்ணுனது எங்களுக்கு அடிச்ச யோகம். அந்தக் கோட்டுப் படத்தைக் கேட்டு ஊரே போன் பண்ணுது. அதையே தனிப் பகுதியா வெளியிடப் போறோம். 'இயக்குநரின் துணிச்சல், பத்துக்குப் பத்து'ன்னு உங்க பேரோட போஸ்டர். நீங்க ஒண்ணே ஒண்ணு எழுதுனாப் போதும். அது தெரிஞ்சே செஞ்சது, நிறுவனம் திட்டம் போட்டே உங்களுக்கு அனுப்புச்சுன்னு. நீங்க ஏமாந்ததா ஆகாது; நாங்க தப்பா அனுப்புனதாவும் ஆகாது. எல்லாருக்கும் கௌரவம்."

வெல்லக் கட்டியை வாயருகே கொண்டுவந்து நீட்டியதைப் போலிருந்தது. ஒரே ஒரு பத்தி எழுதினால் போதும். வெள்ளைச் சுவரை அனுப்பியவர் வாயடைத்துப் போவார். பன்னிரண்டு ஆண்டுப் பெயர் நிலைக்கும். அரைமார்க்கு சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டும் பார்த்துக்கொண்டார். எனினும், மூன்று நாளாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை முதலில் கேட்டார்.

"கடைசியில கதவுப் பிடியில ஒரு கை தயங்குமே, அது ஒளிபரப்புல இல்லையே. எங்க போச்சு?"

"எந்தக் கை?" என்றார் தயாரிப்பாளர்.

"நான் வரைஞ்ச கை சார்," என்றது கடைசி மேசையிலிருந்து ஒரு குரல். சளி தீர்ந்திருந்தபோதிலும் அக்குரலை அவர் உடனே அறிந்துகொண்டார். நரையோடிய கூந்தலில் பென்சிலைச் செருகியிருந்த பெண்மணி ஒருவர் எழுந்து நின்றார். எல்லாரும் அவரைப் பென்சிலக்கா என்றே அழைத்தனர். நிறம் பூசுமுன் ஒவ்வொரு காட்சியையும் கோட்டில் வரைந்து, நடிகர்கள் வரும்வரை எல்லாக் குரலையும் தாமே பேசி வைப்பது அவர் வேலை.

"அந்த எண்ணெல்லாம்?" என்று அரைமார்க்கு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"படத்தோட வரிசை நம்பர் சார். ஜனங்க பொறுமை இல்ல," என்று பென்சிலக்கா சிரிப்பை விழுங்கினார். "குரல்கூடக் களைப்பு இல்ல சார், ஜலதோஷம். சட்டமன்ற மௌனமும் மௌனம் இல்ல. அன்னைக்கு இவரு லீவு," என்று ஒலிக்காரரைக் காட்டினார். "ஆனா அந்தக் கை மட்டும் நான் நினைச்சு வரைஞ்சது. பதினோரு தடவை வரைஞ்சேன். கடைசியில, 'இதுல சிரிப்பு இல்ல'ன்னு எடுத்துட்டாங்க. நீங்க எழுதுனதுல அந்த ஒரு வரியை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன்."

மேசைக் கண்ணாடியின் அடியில் அது இருந்தது. அரைமார்க்கு குனிந்து படித்தார்.

"அந்த போஸ்டர்ல இவங்க பேரு வருமா?" என்று தயாரிப்பாளரைக் கேட்டார்.

"எல்லாம் ஒரு டீம்தானே சார். தனித்தனியாப் போட ஆரம்பிச்சா கையுறைக்கும் போடணும்."

ஒலிக்காரர் அந்நேரம் பார்த்துக் கையுறையை ஒருமுறை இழுத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்பது தெரியவில்லை. துணைவியார் முக்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார், மேசைகளெல்லாம் சிரித்தன, தயாரிப்பாளரும் வேறு வழியின்றிச் சிரித்தார். அரைமார்க்கும் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா," என்றார் பிறகு, மெதுவாக. "நான் ஏமாந்தது ஏமாந்ததுதான். எண்ணு, மௌனம், களைப்புன்னு எழுதுனதெல்லாம் என் கற்பனை. அதை முதல் வரியிலயே எழுதிடறேன். ஒளிபரப்பான படத்துக்கு ஆறரை. கோட்டுப் படத்துக்குப் போட்டதைத் திருப்பி வாங்கல. அதை யாரு வரைஞ்சதுன்னு மட்டும் சேர்த்து எழுதுவேன்."

"சார், ஊரே சிரிக்கும்."

"ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்படி எழுதுனீங்கன்னா, இனி முன்படி அனுப்புறது கஷ்டம்," என்றார் தயாரிப்பாளர். அவர் குரலில் சினமில்லை, வருத்தமே இருந்தது.

அரைமார்க்கு சற்று எண்ணிப் பார்த்தார். இதழில் அவருடைய பக்கம் ஒரு வாரம் பிந்தும். ஆசிரியரம்மா முணுமுணுப்பார். பென்சிலக்கா மேசையின் மேல் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்ப வேண்டாம்," என்றார் அரைமார்க்கு. "இனிமே சனிக்கிழமை வீட்டுல எல்லாரோடயும் உக்காந்து பார்த்துட்டு, அப்புறம் எழுதிக்கிறேன்."