ஜோடிக்கு இரண்டு கை

ஞாயிறு காலை ஆறு மணி பத்து நிமிடம். பழைய நீல நிறக் கார் ஒன்று வயலுக்குள் திரும்பியது. அது நிற்பதற்கு முன்பே ஏழெட்டுப் பேர் டார்ச்சுடன் அதன் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

பர்ன்லி ஊருக்கு வெளியே நடக்கும் டிக்கிச் சந்தையில் நல்ல பொருள் பத்து நிமிடம் தங்காது. வீட்டைக் காலி செய்பவர்கள் இருப்பதையெல்லாம் கார் டிக்கியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் இறங்குவதற்குள் கண்ணாடி வழியே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட வேண்டும். கடையில் முந்நூறு பவுண்டு சொல்லும் ஸ்பீக்கர்கள் இங்கே நாற்பதுக்குக் கிடைக்கும். என்னிடம் இருந்ததும் நாற்பதுதான்.

பதினோரு வாரமாக வந்துகொண்டிருந்தேன். உள்ளிருக்கும் காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் தொட்டதும் உதிரும் ஸ்பீக்கர்கள், கூம்பே கிழிந்த ஸ்பீக்கர்கள், ஒருமுறை உள்ளே எலி குட்டி போட்ட ஸ்பீக்கர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

சிறையிலிருந்து வந்து மூன்று மாதம். என் மனைவி ஷீனாவின் தாடையை உடைத்ததற்காகப் போனேன். அதே மாலை என் ஸ்பீக்கர் ஒன்றைச் சுவரில் எறிந்தேன். மற்றதை, போலீஸ் என்னைக் கூட்டிப்போன பிறகு, அவள் சுத்தியலால் உடைத்தாள். அது நியாயம். இசைத்தட்டுகளை மட்டும் உடைக்காமல் என் அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இருநூற்றுப் பத்து இசைத்தட்டுகள். அக்கா வீட்டுப் பின்னறையில், என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. இரவல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வந்துவிட்டது.

தண்டனையில் ஏழு மாதம் பாக்கி. அதை வெளியே கழிக்க விட்டிருக்கிறார்கள். யார்மேல் கை வைத்தாலும் திரும்ப உள்ளே. நன்னடத்தை அதிகாரி இதை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சொல்கிறாள். பாட்டுக் கேட்டால் என் கை சும்மா இருக்கும் என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

காரிலிருந்து இறங்கியவளுக்கு அறுபது வயது இருக்கும். பெயர் ஹேசல் என்று பிறகு தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளுங்கப்பா, திறக்க விடுங்க" என்றாள்.

யாரும் தள்ளவில்லை. என் விலாவில் ஒரு முழங்கை இறங்கியது. யாருடைய டார்ச்சோ என் பல்லில் மோதியது. டிக்கி திறந்தது. மடக்கிய இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் ஒரு ஜோடி ஸ்பீக்கர்கள் இருந்தன. வால்நட் மரப் பெட்டிகள், முழங்கால் உயரம், எழுபதுகளில் செய்தவை. ஒரு பெட்டியை இழுத்தேன். முன்துணியைக் கழற்றினேன். விளிம்பு ஸ்பாஞ்ச் அல்ல, ரப்பர். வெடிப்பில்லை. கூம்பை விரல்நுனியால் அழுத்தினேன். உரசாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

அங்கேதான் தப்புச் செய்தேன்.

இந்தச் சந்தையில் ஒரே சட்டம்தான். பொருளின் மேல் முதலில் கை வைத்தவனுக்கே விலை பேச முதல் உரிமை. கையை எடுத்தால் போயிற்று. ஜோடியாக இருந்தால் முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு கை வைக்க வேண்டும், பரிசோதனை அப்புறம். நான் ஒன்றிலேயே இரண்டு கைகளையும் வைத்திருந்தேன். நிமிர்ந்தபோது மற்றதன் மேல் டிரான்டரின் கை இருந்தது.

டிரான்டர் பழைய சாமான் வியாபாரி. கழுத்து தலையைவிட அகலம். என் அக்கா புருஷனோடு குடிப்பவன்.

"என்ன வின்ஸ், பாதியை வெச்சு ஒத்தைக் காதால கேப்பியா?" என்றான்.

"நான்தான் முதல்ல எடுத்தேன்."

"ஒண்ணை எடுத்த. இது ரெண்டாவது."

"ரெண்டும் சேர்த்து நாப்பது" என்றாள் ஹேசல். "பிரிச்சுத் தரமாட்டேன்."

"எம்பது தரேன்மா" என்றான் டிரான்டர்.

"நாப்பதுன்னு சொன்னேன். ஏலம் போடலை. யாராவது ஒருத்தர் எடுத்துட்டுப் போங்க, சீக்கிரம்."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "காசைச் சுண்டுங்கடா!" இரண்டு கை விழுந்தால் அப்படித்தான் தீர்ப்பார்கள். நான் தலையசைத்தேன்.

"இவன்கூட நான் எதுக்குச் சுண்டணும்? ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த பய" என்றான் டிரான்டர். "எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் அடிச்சா அது சண்டை. இவன் அடிச்சா ஏழு மாசம்."

சிலர் சிரித்தார்கள்.

அவன் தன் பெட்டியை என் பெட்டியின் மேல் மோதினான். இடையில் என் இடது கை விரல்கள் இருந்தன. மறுபடி மோதினான். நடுவிரலில் ஏதோ முறிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. கையை எடுக்கவில்லை.

"எடுறா."

எடுக்கவில்லை. மூன்றாவது முறை மோதினான். நகம் ஒன்று பெயர்ந்து தொங்கியது. வால்நட் மரத்தில் ரத்தம் வழிந்தது.

"பெட்டியைக் கெடுக்காதீங்கடா" என்றான் யாரோ.

டிரான்டர் குனிந்து நெற்றியால் என் மூக்கில் இடித்தான். கண் இருட்டியது. முழங்கால் மடிந்தது. மண்டியிட்டபடியே பெட்டியைக் கட்டிக்கொண்டேன். அவன் பூட்ஸால் என் தொடையில் உதைத்தான். பிறகு இடுப்பில். அவனுடைய கை மட்டும் அவன் பெட்டியை விட்டு நகரவே இல்லை. சட்டம் தெரிந்தவன்.

"திருப்பி அடிடா. ஷீனாவை அடிக்கத் தெரிஞ்சுதுல்ல?"

இதைக் குனிந்து என் காதில் சொன்னான். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

என் வலது கை பெட்டியை விட்டு எழுந்தது. எனக்குத் தெரியாமல் எழவில்லை. எங்கே அடிப்பது என்றுகூடத் தெரிந்தது. தாடைக்கும் காதுக்கும் நடுவே. முன்பு அடித்த அதே இடம். கை அந்தரத்தில் நின்றது. நிறுத்தியது நானா, இடுப்பு வலியா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அதற்குள் ஹேசல் டிக்கியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்திருந்தாள். இரண்டு கைகளாலும் பிடித்து, விறகு பிளப்பவள்போல ஓங்கி, டிரான்டரின் மணிக்கட்டில் இறக்கினாள்.

அவன் அலறியது நெடுஞ்சாலைவரை கேட்டிருக்கும். கை வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போய் ஈரப் புல்லில் உட்கார்ந்தான்.

டார்ச் வெளிச்சமெல்லாம் அவன் விட்ட பெட்டியின் மேல் திரும்பியது.

"கையை எடுத்துட்டான்" என்றான் காசு சுண்டச் சொன்னவன்.

"ஆமா, எடுத்துட்டான்" என்றான் இன்னொருவன்.

நான் என் வலது கையை இரண்டாவது பெட்டியின் மேல் வைத்தேன். யாரும் மறுக்கவில்லை. கூட்டம் அடுத்த காரை நோக்கி ஓடியது. இரண்டு பேர் டிரான்டரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"போலீஸுக்குப் போவேன் கிழவி" என்றான் அவன். உதடு வெளுத்திருந்தது.

"போ. போய், சும்மா நின்ன கிழவி அடிச்சுட்டான்னு சொல்லு. அப்படியே நீ எத்தனை உதை உதைச்சேன்னும் சொல்லு. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

அவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் ஸ்பானரைத் துடைக்காமல் டிக்கிக்குள் போட்டாள். ஒரு பழைய துண்டை எடுத்து என் விரல்களைச் சுற்றினாள். இறுக்கிக் கட்டினாள். நான் பல்லைக் கடித்தேன்.

"என் புருஷனோடது" என்றாள், பெட்டிகளைக் காட்டி. "போன மாசம் செத்துட்டான். சனிக்கிழமை வந்தா இதைச் சத்தமா வெச்சுட்டுத்தான் ஆரம்பிப்பான். நான் கத்துறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்ல. நல்ல ஸ்பீக்கர். இருபத்தாறு வருஷம், ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கலை."

நான் பாக்கெட்டிலிருந்து நான்கு பத்துப் பவுண்டு நோட்டுகளை எடுத்து நீட்டினேன். ஒன்றில் ரத்தம் பட்டிருந்தது. அவள் வாங்கவில்லை.

"அந்த ஆளு அவ்வளவு அடிச்சான், நீங்க திருப்பி அடிக்கலை. பாத்துட்டுத்தான் இருந்தேன். உங்ககிட்ட போகட்டும்னு அப்பவே நினைச்சேன்."

"நன்றிங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு பெட்டிகளின் மேலும் ஒவ்வொரு கையை வைத்தாள்.

"ஜெயிலுக்குப் போனவன்னு சொன்னானே. யாரை அடிச்சுட்டுப் போனீங்க?"