பூரண குணம்

பிச்சம்மாள் இறந்துகிடந்த கணவனின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் வந்து நின்றது. குற்றாலத்து சிவசைலம் ஆளுயர ரோஜா மாலையோடு இறங்கினார். க்ஷயரோகத்துக்குக் கைகண்ட மருந்து என்று ரயில் நிலையங்களில் எல்லாம் விளம்பரத் தட்டி கட்டி விற்கும் 'அருவி சஞ்சீவி' டானிக்கின் முதலாளி அவர்தான்.

மாலையைப் போட்டுவிட்டு, கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"மாரடைப்பு. யாருக்கு எப்ப வரும்னு சொல்ல முடியுதா? நெஞ்சுச் சீக்குதான் வாத்தியாருக்கு எப்பவோ பூரண குணமாயிட்டே."

"ஆமா அண்ணாச்சி, மாரடைப்புதான்" என்றான் கொழுந்தன் தாணுமாலயன்.

பிச்சம்மாளின் கை அப்படியே நின்றது. விடியற்காலையில்தான் ரத்தம் தோய்ந்த துணிகளைப் புறவாசலில் போட்டு எரித்துவிட்டு வந்திருந்தாள். புகைநாற்றம் இன்னும் அவள் சேலையில் இருந்தது.

தாணுமாலயன் அவளருகே குனிந்தான். "மதினி, நம்ம பிள்ளை சொக்கம்மாளுக்கு ஆவணில கல்யாணம் பேசியிருக்கு. சம்பந்தி வந்து உக்காந்திருக்காரு. க்ஷயம்னு ஒரு வார்த்தை வெளிய போச்சு, எல்லாம் போச்சு. வாயத் தொறந்திராதீங்க."



அவள் கணவர் சிவனணைந்தபெருமாள் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் சொன்னால் ஊர் நம்பும். அதனால்தான் சிவசைலம் அவரைத் தேடி வந்தார். மருந்தைச் சும்மா கொடுத்தார். நோயில் வாடிக் கிடந்தவரை ஒரு படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தையும் இரவல் கேட்டு வாங்கிப் போனார். கொஞ்ச நாளில் இரண்டு படங்களும் பாட்டில் மேல் ஒட்டிய காகிதத்தில் வந்தன. வாடின முகத்துக்கு அடியில் 'மருந்துக்கு முன்'. மாப்பிள்ளை முகத்துக்கு அடியில் 'மருந்துக்குப் பின்'. பக்கத்தில் நின்ற பிச்சம்மாளை மட்டும் வெட்டி எறிந்திருந்தார்கள்.

வாத்தியார் முதலில் கோபப்பட்டார். பிறகு நோயாளிகள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்காகக் கோட்டு மாட்டிக்கொண்டு, இருமலை நெஞ்சுக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கேன்" என்பார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் கோப்பை நிறையத் துப்புவார்.

"ஏன் இப்படி பொய் சொல்லுதிய?" என்று அவள் சண்டை போட்டாள்.

"எவ்வளவு ஆசையா வாராங்க பிச்சம்மா. எப்படி இல்லேன்னு சொல்லச் சொல்லுத?"

அந்தப் பதிலை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. கண்மூடிக் கிடக்கும் இந்த முகத்தைப் பார்க்கும்போதும் அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

பாடை கட்டி முடியும் நேரத்தில் ஒரு கூண்டுவண்டி வந்தது. இறங்கியவர் கையில் அந்த பாட்டில்.

"கடையத்துல இருந்து வாரேன். வல்லிநாயகம்னு பேரு. வாத்தியாரை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா எம் மகளுக்குத் தைரியம் வந்துரும்னு..." என்றவர் பாடையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

சிவசைலம் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். "மாரடைப்பு அண்ணாச்சி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க மருந்தை மட்டும் விட்டுறாதீங்க. இன்னும் ஒரு மண்டலம் குடுங்க."

வல்லிநாயகம் தலையாட்டினார். வண்டிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரியான அந்தச் சத்தம் பிச்சம்மாளுக்குத் தெரியும்.

அவள் தன் மகளைப் பார்த்தாள். சொக்கம்மாள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சம்மாள் எழுந்தாள்.

"மதினி!"

"வழிய விடுங்க."

அவிழ்ந்த தலையோடு வாசலுக்குப் போய் வல்லிநாயகத்தின் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள்.

"இது எங்க கல்யாணத்துல எடுத்த படம் அண்ணாச்சி. ஓரத்துல கொஞ்சம் சேலை தெரியுதுல்லா? எங் கூறைச்சேலை. எங்கள ரெண்டா வெட்டித்தான் இந்த ஆளு குணமாக்கிக் காட்டுனான். இவரு க்ஷயத்துலதான் செத்தாரு. இந்த மருந்தைக் குடிச்சிக் குடிச்சித்தான், வேற வைத்தியம் பாக்காமக் கெடந்து செத்தாரு. பிள்ளைய இப்பவே திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"துக்கத்துல என்னமோ பேசுதாங்க" என்று சிரிக்கப் பார்த்தார் சிவசைலம்.

"உம்ம மாலைய எடுத்துக்கிட்டுப் போரும்வே! அவரு செத்த பெறகாவது உமக்காகப் பொய் சொல்லாம கெடக்கட்டும்!"

அவளே திரும்பி வந்து கணவர் மேலிருந்த மாலையை உருவி வாசலில் எறிந்தாள். மோட்டார் கிளம்பிப் போனது. சம்பந்தி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். தாணுமாலயன் தலையில் அடித்துக்கொண்டான். சொக்கம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அப்பாவின் காலை விட்டுக் கையை எடுக்கவுமில்லை.

பாடையைத் தூக்க நால்வர் வேண்டும். தாணுமாலயன் முன்னால் போய் நின்றான். பெரியப்பா மக்கள் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். நாலாவது ஆள் வரவில்லை. நோய்ப் பேச்சைக் கேட்டவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

வல்லிநாயகம் வண்டிக்காரனிடம் மாட்டை வேப்பமர நிழலில் நிறுத்தச் சொன்னார். சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து, காலியாக இருந்த மூலையில் தோளைக் கொடுத்தார்.