கரியோடு ஒரு தடவை

ஆய்வகத்து மைக்ரோஸ்கோப் என் பொறுப்பில் இருந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கூடப் பிறந்த அக்காவும் அங்கேதான் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெளிர்மஞ்சள் பொடிமேல் பிளாட்டினத்தை அணு அணுவாகத் தனித்தனியே உட்காரவைத்து, அதைச் சூடாக்கி, புரொப்பேன் வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பது அவள் வேலை.

"வேலை நடக்கிறப்ப அணுவெல்லாம் நகர்ந்து கும்பலா சேர்ந்துடுது" என்றாள். தனி அணு, தனி அணு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்த பேராசிரியருக்கு முகம் கறுத்தது. "உன் தம்பியையே பாத்துச் சொல்லச் சொல்லு" என்றார்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. வினை முடிந்ததும் உலையின் சூடு ஆறுமுன் காற்றை விட்டு, பொடியில் படிந்த கரியை எரித்துவிட்டுத்தான் மைக்ரோஸ்கோப்புக்கு எடுப்போம்.

"காத்து விடாம, கரியோட அப்படியே ஒரு தடவை பாருடா."

"அதெல்லாம் தேவையே இல்லக்கா."

என் படத்தில் அணுக்கள் நல்ல பிள்ளைகளாகத் தனித்தனியே உட்கார்ந்திருந்தன. எல்லோர் முன்னாலும் அதைப் பெருமையாகக் காட்டினேன். அக்கா அந்த மாதமே படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கப் போய்விட்டாள்.

ஆறு வருடம் கழித்து, வாயுவையும் சூட்டையும் மைக்ரோஸ்கோப்புக்குள்ளேயே கொடுத்துப் பார்க்கும் கருவி வந்தது. போன வாரம் அவளுடைய பழைய பொடியை அதில் வைத்தேன். சூடு ஏற ஏற அணுக்கள் நகர்ந்து கும்பலாகின. காற்றை விட்டதும் கும்பல் கலைந்து, ஒன்றும் நடக்காத மாதிரி தனித்தனியே உட்கார்ந்தன. அவளுடைய ஆதாரத்தை நாங்களே கலைத்துவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்திருக்கிறோம்.

மறுநாள் மதியம் அவள் கம்பெனி கேன்டீனுக்குப் போய்ச் சொன்னேன்.

"எத்தனை டிகிரியில?"

"ஐநூத்தம்பதுல."

ஒரு நொடி அவள் முகம் பழைய முகமானது. பிறகு கேட்டாள்: "அன்னைக்கு ஏன்டா பாக்கமாட்டேன்னுட்ட? எனக்குத் தெரியாதது உனக்கு என்னவோ தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். எங்க தப்பு பண்ணேன்னு இன்னமும் அந்த லேப் நோட்டைப் புரட்டிட்டிருக்கேன்."

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கரியோட வெச்சா மெஷின் அழுக்காயிடும்க்கா. ரெண்டு நாள் உக்காந்து சுத்தம் பண்ணணும். அலுப்பா இருந்துச்சு."

"ரெண்டு நாளா?" என்றாள் அக்கா.

அதற்குமேல் அவள் சாப்பிடவில்லை.